சார்ஜ்பேக்: வந்த பணம் திரும்பிப் போகும்போது

வெளிநாட்டு கிரெடிட் கார்டுக்கு ஒரு பட்டுச் சேலையை விற்றால், பணம் நம் பேங்க் கணக்கில் விழுந்த அன்று அந்த வியாபாரம் முடிவதில்லை. விசா, மாஸ்டர்கார்டு விதிகளின்படி கார்டு வைத்திருப்பவருக்குப் பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள் அவகாசம் உண்டு. அந்த நாலு மாதத்தில் என்றைக்கு வேண்டுமானாலும் அவர் தன் பேங்குக்கு ஃபோன் போட்டு, "இதை நான் வாங்கவே இல்லை" என்று சொல்லலாம். சொன்னால் பணம் வந்த வழியே திரும்பிப் போகும். சேலை மட்டும் திரும்பி வராது.

இதற்குப் பெயர்தான் சார்ஜ்பேக்.

காஞ்சிபுரத்தைச் சுற்றி, எங்கள் முசரவாக்கம் மாதிரி ஊர்களில்கூட, வீட்டில் இருந்தபடியே வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சேலை விற்பவர்கள் இருக்கிறார்கள். பெரிய கடைகளில் இதைப் பார்த்துக்கொள்ள அக்கவுண்டன்ட் இருப்பார், வக்கீல் இருப்பார். இவர்களுக்கு ஒரு ஃபோனும் ஒரு பேமென்ட் லிங்க்கும்தான். அதனால் இந்த விதிகளைத் தேடிப் படித்து எடுத்த குறிப்புகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

படித்ததில் எனக்குப் பிடிபட்ட முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சார்ஜ்பேக் என்பது ஒரு கேள்வி. ஒவ்வொரு சார்ஜ்பேக்கும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கிறது. கடைக்காரர்கள் பெரும்பாலும் தோற்பது, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதால்தான்.

நம்மைக் கேட்காமலே பணத்தை எடுப்பது ஏன்?

முதலில் வரும் கோபம் இதுதான்: "என்னை ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

கேட்க மாட்டார்கள். இந்த ஏற்பாடே கார்டு வைத்திருப்பவரைக் காப்பாற்றத்தான் வந்தது. அமெரிக்காவில் 1970ல் ஒரு சட்டத் திருத்தம் வந்தது. திருடுபோன கார்டில் யாரோ செலவு செய்தால், கார்டுக்காரர் அதிகபட்சம் 50 டாலருக்குத்தான் பொறுப்பு என்றது அது. 1974ல் வந்த நியாயமான கடன் பில்லிங் சட்டம், பில்லில் தப்பு என்றால் புகார் சொல்லும் உரிமையைக் கொடுத்தது. அதே 1974ல் பிரிட்டனில் நுகர்வோர் கடன் சட்டம் வந்தது. அதன் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளை கிரெடிட் கார்டில் வாங்கி ஏமாந்தால், கடைக்காரரோடு சேர்த்து கார்டு கொடுத்த பேங்கும் பொறுப்பு.

பேங்க் மேல் பொறுப்பு விழுந்ததும், பேங்க் அதைக் கீழே தள்ளப் பார்க்கும் இல்லையா? அதற்கான வழிமுறையை கார்டு நெட்வொர்க்குகள் தங்கள் விதிகளில் எழுதி வைத்தன. வாங்குபவரின் பேங்க், நெட்வொர்க் வழியாக, கடைக்காரரின் பேங்கிடம் பணத்தைத் திரும்ப எடுக்கும். கடைக்காரரின் பேங்க் பேமென்ட் கேட்வேயிடம் எடுக்கும். கேட்வே நம் கணக்கில் கழிக்கும். படியில் கடைசி ஆள் நாம்தான். நமக்குக் கீழே தள்ள யாரும் இல்லை.

ஆக, பணம் போன பிறகுதான் நம் வாதம் ஆரம்பிக்கிறது. இது நியாயமா என்பது வேறு விவாதம். இப்படித்தான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும்.

உள்ளூர் கார்டு வேறு, வெளிநாட்டு கார்டு வேறு

இந்தியாவில் கொடுத்த கார்டில் ஆன்லைனில் வாங்கினால் ஓடிபி கேட்கும். நாம் சலித்துக்கொள்ளும் அந்த ஓடிபிதான் கடைக்காரருக்குப் பெரிய கவசம். ரிசர்வ் வங்கி 2009 பிப்ரவரியில் உத்தரவு போட்டு, அந்த ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் ஆன்லைன் கார்டு வியாபாரத்துக்கு கார்டில் அச்சிட்டிருப்பது தவிர இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்று கட்டாயமாக்கியது. ஆரம்பத்தில் பலருக்கு அது பாஸ்வேர்டாக இருந்தது. இப்போது பெரும்பாலும் ஓடிபி.

இதற்குப் பின்னால் ஓடும் தொழில்நுட்பத்துக்கு த்ரீடி செக்யூர் என்று பெயர். வாங்குபவரை அவருடைய பேங்கே நேரடியாகச் சரிபார்க்கிறது. "ஆமாம், இவர் எங்கள் ஆள்தான்" என்று பேங்க் சொன்ன பிறகு அது மோசடி என்று தெரியவந்தால், நஷ்டம் பொதுவாக அந்த பேங்கைச் சேரும், கடைக்காரரைச் சேராது. பொறுப்பு இடம் மாறிவிட்டது.

இந்திய வாடிக்கையாளருக்கும் பாதுகாப்பு இருக்கிறது. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, பேங்க் மேலும் வாடிக்கையாளர் மேலும் தப்பில்லாமல் வேறெங்கோ நடந்த கோளாறால் பணம் போனால், பேங்கிடம் இருந்து தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் சொன்னவருக்கு நஷ்டமே இல்லை. பேங்க் 10 வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளர் மேல்தான் தப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் பேங்க்தான். அவரே ஓடிபியை யாரிடமோ சொல்லியிருந்தால் கதை வேறு.

வெளிநாட்டு கார்டுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. 2009 உத்தரவு இந்தியாவில் கொடுத்த கார்டுகளுக்கு மட்டும்தான். நியூஜெர்சியிலோ டொராண்டோவிலோ இருப்பவர் கார்டு எண், காலாவதி தேதி, பின்னால் இருக்கும் சிவிவி மூன்றையும் போட்டாலே பணம் வந்துவிடலாம். ஓடிபி கேட்காமலே போய்விடும். அப்படி வந்த பணத்துக்கு "நான் வாங்கவில்லை" என்று புகார் வந்தால் பொறுப்பு நம் தலையில்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "பேமென்ட் அப்ரூவ்டுன்னு வந்துச்சே, அப்புறம் எப்படி மோசடி ஆகும்?" என்று கேட்பார்கள். அப்ரூவ்டு என்றால் அந்த கார்டு இன்னும் உயிரோடு இருக்கிறது, அதில் இவ்வளவு தொகைக்கு இடம் இருக்கிறது, அவ்ளோதான் அர்த்தம். கார்டைப் பயன்படுத்துவது யார் என்று அது சொல்வதே இல்லை.

நேரில் கடைக்கு வந்து வாங்குபவர்கள் விஷயத்தில் ஆபத்து குறைவு. கோயில் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர் சேலை எடுத்தால், கார்டை மெஷினில் செருகிச் சிப் வழியாக எடுங்கள். கார்டு எண்ணை மெஷினில் கையால் தட்டிப் போடாதீர்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். முக்கால்வாசித் தொல்லை அதோடு தீரும்.

ஒரு சேலை போனால் எத்தனை சேலை விற்க வேண்டும்?

ஒரு உதாரணக் கணக்கு. முசரவாக்கத்தில் வீட்டில் இருந்து விற்கும் ஒரு அக்கா என்று வைத்துக்கொள்வோம். சேலை விலை 42,000 ரூபாய். நெசவாளரிடம் எடுத்த விலை 32,000. வெளிநாட்டுக் கூரியர், பேக்கிங், கேட்வே கமிஷன் எல்லாம் சேர்த்து 4,000. கையில் நிற்பது 6,000.

சார்ஜ்பேக் வந்தால் 42,000ம் போகும். அக்கா தன் கையில் இருந்து போட்ட 36,000 போச்சு. அதற்கு மேல் கேட்வே தனியாக ஒரு சார்ஜ்பேக் கட்டணமும் பிடிக்கலாம். அந்த 36,000ஐ மீட்க, சேலைக்கு 6,000 லாபத்தில் இன்னும் ஆறு சேலை விற்க வேண்டும். ஆறு சேலை விற்று முடித்தால் லாபம் இல்லை, பழைய இடத்துக்கு வந்து நிற்பார்.

இதையே நெசவாளர் குடும்பம் நேரடியாக விற்றிருந்தால் போனது பல நாள் தறி வேலை. கோர்வை போட்ட சேலை என்றால் உடம்புக்கும் கரைக்கும் தனித்தனி நாடா ஓட்டி, இரண்டு பேர் உட்கார்ந்து நெய்தது.

நோட்டீஸ் வந்ததும் செய்ய வேண்டியவை

கேட்வேயிடம் இருந்து ஈமெயில் வரும், அல்லது அவர்கள் டாஷ்போர்டில் தெரியும். அப்போது வரிசையாக நாலு விஷயம்.

ஒன்று, கெடு தேதியைப் பாருங்கள். நெட்வொர்க் பேங்குகளுக்குக் கொடுக்கும் அவகாசம் வேறு, கேட்வே நமக்குக் கொடுப்பது அதைவிடக் குறைவு. பதில் போகாவிட்டால் நாம் ஒத்துக்கொண்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். தறி பூஜை, திருவிழா என்ற காரணமெல்லாம் செல்லாது.

இரண்டு, ரீஃபண்ட் போடாதீர்கள். இது ரொம்ப முக்கியம். பயத்தில் "சரி, பணத்தைத் திருப்பி அனுப்பிடுவோம்" என்று தோன்றும். ஆனால் சார்ஜ்பேக்கில் பணம் ஏற்கெனவே கழிக்கப்பட்டுவிட்டது. அதற்கு மேல் நீங்களும் ரீஃபண்ட் போட்டால் இரண்டு முறை போகும். ஒத்துக்கொள்வதாக இருந்தால் டாஷ்போர்டில் சார்ஜ்பேக்கை ஏற்றுக்கொள்ளும் பட்டனை அழுத்துங்கள், போதும். சார்ஜ்பேக் வருவதற்கு முன்பே ரீஃபண்ட் போட்டிருந்தால், அந்த ரீஃபண்ட் ஆதாரத்தை அனுப்புங்கள்.

மூன்று, பார்சல் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இன்னும் போய்ச் சேரவில்லை என்றால் கூரியருக்கு உடனே சொல்லித் திருப்பி அழைக்கப் பாருங்கள். பணம் போனாலும் சேலையாவது மிஞ்சும்.

நான்கு, காரணக் குறியீட்டை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சார்ஜ்பேக்கிலும் ஒரு எண் இருக்கும். விசாவில் 10.4, 13.1, 13.3 என்று, மாஸ்டர்கார்டில் 4837, 4853 என்று. அந்த எண்ணில்தான் கேள்வி இருக்கிறது.

கேள்வி என்ன, பதில் என்ன

"பொருள் வரவில்லை" என்பது விசாவில் 13.1. இதற்குப் பதில் டெலிவரி ஆதாரம். டிராக்கிங் எண், சேர்ந்த தேதி, முகவரி, முடிந்தால் வாங்கியவர் கையெழுத்து. ஸ்பீடு போஸ்ட் ரசீது மட்டும் இருந்தால் அனுப்பினோம் என்பதற்குத்தான் அது சாட்சி, சேர்ந்தது என்பதற்கு இல்லை.

"சொன்னது ஒன்று, வந்தது ஒன்று" என்பது 13.3. இங்கே விற்பனைப் பக்கத்தில் நீங்கள் எழுதிய விவரம், போட்ட படம், பில், வாங்கியவரோடு பேசியது எல்லாம் வேலைக்கு வரும். பட்டா இல்லையா என்பதே சண்டை என்றால் சில்க் மார்க் லேபிள் கைகொடுக்கும். மத்திய பட்டு வாரியத்தின் ஏற்பாட்டில் வந்த அந்த லேபிளில் ஹாலோகிராமும் தனி எண்ணும் உண்டு; சேலையை அனுப்பும் முன் அந்த எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். இந்த வகையில் வாங்கியவர் பொருளைத் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும், அல்லது அனுப்ப முயற்சி செய்திருக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் அதையும் பதிலில் சொல்லுங்கள்.

"நான் வாங்கவே இல்லை" என்பது விசாவில் 10.4, மாஸ்டர்கார்டில் 4837. இதுதான் மோசடிப் புகார். இங்கதான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். பில், சேலை படம், சில்க் மார்க், புவிசார் குறியீடு என்று கட்டுக்கட்டாக அனுப்புவார்கள். எல்லாம் உண்மை, ஒன்றும் பயன் இல்லை. சேலை அசல் காஞ்சிப் பட்டா என்று யாரும் கேட்கவில்லை. வாங்கியது கார்டின் சொந்தக்காரரா என்பதுதான் கேள்வி.

டெலிவரி ஆதாரம்கூட இங்கே தனியாக நிற்காது. திருடனும் பார்சலைக் கையெழுத்துப் போட்டுத்தான் வாங்குவான். சேர்ந்த இடம் கார்டுக்காரரின் இடம் என்று காட்டினால்தான் அதற்கு மதிப்பு.

அப்படியென்றால் எது செல்லும்?

முதலிடம் த்ரீடி செக்யூர் பதிவு. வாங்கும்போது பேங்க் சரிபார்த்திருந்தால் அந்தப் பரிவர்த்தனையில் இசிஐ என்று ஒரு குறியீடு இருக்கும். முழுசாகச் சரிபார்த்தது என்றால் விசாவில் 05, மாஸ்டர்கார்டில் 02. கேட்வேயிடம் கேட்டு வாங்கி, அதைப் பதிலின் முதல் வரியில் போடுங்கள். இது ஒன்றே பல சமயம் போதும்.

இரண்டாவது, அதே வாடிக்கையாளரின் பழைய வாங்கல்கள். விசா 2023 ஏப்ரலில் ஒரு புது விதி கொண்டுவந்தது. கம்பெல்லிங் எவிடன்ஸ் 3.0 என்று பெயர். அதே கார்டில் இதற்கு முன்பு குறைந்தது இரண்டு முறை வாங்கியிருக்க வேண்டும். அவை 120 நாளுக்கு மேல், 365 நாளுக்குள் பழையதாக இருக்க வேண்டும். அவற்றின் மேல் மோசடிப் புகார் இருக்கக் கூடாது. அந்த வாங்கல்களிலும் இப்போதைய வாங்கலிலும் குறைந்தது இரண்டு விவரம் ஒத்துப்போக வேண்டும்: ஐபி முகவரி, சாதன அடையாளம், டெலிவரி முகவரி, வாடிக்கையாளர் கணக்கு. இரண்டில் ஒன்று ஐபி முகவரியாகவோ சாதன அடையாளமாகவோ இருந்தே ஆக வேண்டும். இதைக் காட்டிவிட்டால் 10.4 புகாரில் பொறுப்பு கார்டுக்காரரின் பேங்குக்குத் திரும்பும். ஆடிக்கும் பொங்கலுக்கும் தவறாமல் வாங்கும் பழைய வாடிக்கையாளர் திடீரென்று "நானில்லை" என்று சொன்னால் உதவும் விதி இது.

மூன்றாவது, கார்டுக்காரரோடு நேரடியாக இணைக்கும் சான்றுகள். பில் முகவரியும் டெலிவரி முகவரியும் ஒன்று என்பது. அமெரிக்கா, கனடா, பிரிட்டனில் பயன்படும் ஏவிஎஸ் என்ற முகவரிச் சரிபார்ப்பில் பொருத்தம் என்று வந்தது. சேலை கிடைத்ததும் "ரொம்ப நல்லா இருக்கு" என்று அவர் பெயரில் உள்ள ஈமெயிலில் இருந்து எழுதியது. அதைக் கட்டிக்கொண்டு எடுத்த படத்தை உங்கள் பக்கத்துக்கு டேக் செய்தது. தனித்தனியாக இவை பலவீனம். சேர்த்துக் கட்டினால் கொஞ்சம் பலம்.

"நானில்லை" என்பதில் மூன்று வகை

பதில் எழுதும் முன் வாங்கியவருக்கு ஒரு தடவை ஃபோன் செய்து பாருங்கள். ஏனென்றால் "நானில்லை" என்று சொல்பவர்கள் எல்லாரும் ஒரே ரகம் இல்லை.

முதல் ரகத்தில் உண்மையிலேயே கார்டு திருடுபோயிருக்கும். அவரும் நம்மை மாதிரியே ஏமாந்தவர்.

இரண்டாவது ரகம் குழப்பம். கார்டு ஸ்டேட்மென்டில் கடைப் பெயருக்குப் பதில் உரிமையாளர் பெயரோ கேட்வே பெயரோ வந்திருக்கும். அவருக்கு அடையாளம் தெரியாது. அல்லது அப்பா கார்டில் மகள் சேலை எடுத்திருப்பாள், அப்பாவுக்குத் தெரியாது. நிதானமாகப் பேசினால், "அய்யோ, அது உங்க கடையா?" என்பார்கள். அப்போது, "உங்க பேங்குக்கு ஃபோன் பண்ணி புகாரை வாபஸ் வாங்கிக்கோங்கம்மா, வாங்கினது நான்தான்னு எனக்கும் ஒரு ஈமெயில் போட்டுருங்க" என்று கேளுங்கள். அந்த ஈமெயிலை இணைத்து நீங்களும் கெடுவுக்குள் பதில் அனுப்புங்கள். அவர் வாபஸ் வாங்கிவிடுவார் என்று நம்பிச் சும்மா இருந்தால் கெடு போய்விடும்.

மூன்றாவது ரகம், வாங்கி, கட்டி, விசேஷத்துக்கும் போய்விட்டு வந்து "நானில்லை" என்பவர்கள். இதை ஃப்ரெண்ட்லி ஃப்ராடு என்கிறார்கள். எந்த நட்பும் அதில் இல்லை. பழைய வாங்கல்கள், நன்றி சொன்ன மெசேஜ் எல்லாம் இவர்களுக்காகத்தான் சேர்த்து வைக்க வேண்டும். ஆனால் ஃபோனில் சண்டை போடாதீர்கள், மிரட்டாதீர்கள். அந்தப் பேச்சே அவர்கள் பக்கத்துச் சாட்சி ஆகிவிடும்.

பதில் கடிதம்

அதைப் படிக்கப் போகிறவர் வெளிநாட்டு பேங்கில் ஒரு நாளைக்குப் பல ஃபைல் பார்க்கும் ஊழியர். காஞ்சிபுரம் எங்கே என்று அவருக்குத் தெரிய வேண்டிய அவசியம் இல்லை. ஆங்கிலத்தில், ஒரே பக்கத்தில், எளிமையாக எழுதுங்கள். அமைப்பு இப்படி இருக்கலாம்:

1. காரணக் குறியீடு, ஆர்டர் எண், தேதி, தொகை.
2. ஒரே வாக்கியத்தில் உங்கள் பதில். "இந்த வாங்கல் கார்டு கொடுத்த பேங்கால் த்ரீடி செக்யூர் மூலம் சரிபார்க்கப்பட்டது" அல்லது "இதே வாடிக்கையாளர் இதே கார்டில் முன்பு இரண்டு முறை வாங்கியிருக்கிறார்" என்பது போல.
3. தேதி வரிசையில் நடந்தது: ஆர்டர் வந்த நாள், சரிபார்ப்பு, அனுப்பிய நாள், சேர்ந்த நாள், பிறகு வந்த மெசேஜ்.
4. இணைப்புகள், எண் போட்டு. ஒவ்வொரு இணைப்பும் எதைக் காட்டுகிறது என்று ஒரு வரி.

வாட்ஸ்அப் உரையாடல் தமிழில் இருந்தால், தேவையான நாலு வரியை மட்டும் எடுத்து, பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதுங்கள். நாற்பது ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் யாரும் படிக்கப் போவதில்லை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக நெய்கிறது என்பது பெருமையான விஷயம்தான். ஆனால் இந்தக் கடிதத்தில் அதற்கு இடம் இல்லை.

எப்போது விட்டுவிடலாம்

இது கசப்பான பகுதி. வெளிநாட்டு கார்டு, த்ரீடி செக்யூர் இல்லை, புது வாடிக்கையாளர், பில் முகவரி ஒன்று டெலிவரி முகவரி ஒன்று, இப்போது ஃபோனை எடுக்கவும் இல்லை. இது உண்மையான மோசடி. விதிப்படி நஷ்டம் நமக்குத்தான். எவ்வளவு அழகாகக் கடிதம் எழுதினாலும் மாறாது.

முதல் பதிலை அந்த பேங்க் ஏற்காவிட்டால் அடுத்த சுற்று உண்டு. அதற்கும் மேலே நெட்வொர்க்கே நடுவராக உட்காரும் கட்டம் இருக்கிறது. அங்கே தோற்பவர் கட்ட வேண்டிய கட்டணம் நூற்றுக்கணக்கான டாலர். 42,000 ரூபாய் சேலைக்கு அது கட்டுப்படி ஆகாது.

ஏற்றுக்கொள்வதும் ஒரு பதில்தான். ஏற்றுக்கொண்டு மிச்சம் இருக்கும் வேலையைப் பாருங்கள். cyber என்று எழுதத் தெரியாவிட்டாலும் 1930 என்ற எண் நினைவில் இருக்கட்டும். அது தேசிய சைபர் குற்ற உதவி எண். ஆர்டர் விவரம், ஐபி முகவரி, டெலிவரி முகவரியோடு புகார் பதியுங்கள். ஏற்றுமதிக் கணக்கில் இந்தப் பில்லை எப்படிக் காட்டுவது என்று ஆடிட்டரிடம் கேளுங்கள். அந்த முகவரி, ஃபோன் எண், ஈமெயில் மூன்றையும் தனி நோட்டில் எழுதி வையுங்கள். ஒருமுறை ஏமாற்றிய முகவரி இன்னொரு பெயரில் திரும்ப வரலாம்.

அனுப்பும் முன்

சார்ஜ்பேக்குக்கு நல்ல பதில் எழுதப்படுவது நோட்டீஸ் வந்த பிறகு இல்லை, பார்சல் கட்டுவதற்கு முன்பு.

பட்டு வாங்குபவர்களுக்கு ஒரு குணம் உண்டு. கேள்வி கேட்பார்கள். கலர் நேரில் எப்படி இருக்கும், முந்தி எவ்வளவு நீளம், ஜரிகை எப்படி, பிளவுஸ் உண்டா, வெளிச்சத்தில் ஒரு வீடியோ போடுங்க என்று பத்து தடவை கேட்பார்கள். ஒன்றுமே கேட்காமல் ஒரே ராத்திரியில் நாலு விலை உயர்ந்த சேலையை எடுத்து, சீக்கிரம் அனுப்பச் சொல்பவரைப் பார்த்தால் கொஞ்சம் நில்லுங்கள். பணம் கட்டிய பிறகு முகவரியை மாற்றச் சொல்வது, இரண்டு மூன்று கார்டு தோற்று நாலாவதில் பணம் வருவது, "கூடுதலாகக் கட்டிட்டேன், மீதியை வேற ஆளுக்கு அனுப்புங்க" என்பது எல்லாமே சிவப்பு விளக்கு.

சந்தேகம் வந்தால் ஒரு வீடியோ கால் கேளுங்கள். நிஜமான வாடிக்கையாளர் சேலையை இன்னொரு தடவை பார்க்கக் கிடைத்ததே என்று சந்தோஷப்படுவார். திருடன் காணாமல் போவான். அப்போதும் மனசு ஒப்பவில்லை என்றால் பணத்தை அதே கார்டுக்கு ரீஃபண்ட் செய்துவிடுங்கள். சார்ஜ்பேக்குக்கு முன்னால் செய்யும் ரீஃபண்டில் போவது கொஞ்சம் கமிஷன் மட்டும்.

கேட்வேயிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. வெளிநாட்டு கார்டுக்கும் த்ரீடி செக்யூர் கட்டாயமாக்க முடியுமா? வாடிக்கையாளரின் ஸ்டேட்மென்டில் என்ன பெயர் வரும், அதைக் கடைப் பெயராக மாற்ற முடியுமா? ஆர்டரின் ஐபி முகவரியும் சாதன விவரமும் எனக்குக் கிடைக்குமா? முதல் கேள்விக்கு ஒரு விலை உண்டு: சரிபார்ப்புத் திரையைப் பார்த்துச் சில நல்ல வாடிக்கையாளர்களும் பாதியில் போய்விடுவார்கள். என் கருத்தில் 5,000 ரூபாய் சேலைக்கு அந்த விலை அதிகமாகத் தெரியலாம். 42,000 ரூபாய் சேலைக்கு அது மலிவு. ஆறு சேலைக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு வெளிநாட்டு ஆர்டருக்கும் ஒரு ஃபோல்டர் போட்டு பில், டிராக்கிங், இசிஐ, ஐபி முகவரி, முக்கியமான மெசேஜ், சில்க் மார்க் எண் படம் ஆகிய ஆறையும் அன்றைக்கே சேர்த்து வையுங்கள். ஐந்து நிமிட வேலை. சேர்ந்த நாளில் இருந்து குறைந்தது ஆறு மாதம் அதை அழிக்காதீர்கள். பழைய வாடிக்கையாளர் விதி உதவ வேண்டும் என்றால் ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருப்பது நல்லது.

யுபிஐயில் இந்த விதிகள் பொருந்தாது. அங்கே புகார் வேறு வழியில் போகிறது, சில சமயம் கடைக்காரரின் கணக்கே முடங்குகிறது. அதைப் பற்றித் தனியாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் எழுதுகிறேன்.